படியா, கிராமா?

தங்கவயலில் குடியேறி மூன்று, நான்கு தலைமுறைகளைக் கண்டுவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைகளில் எத்தனை விதமான அளவுகள் வழங்கி வருகின்றன என்பதை நேயர்கள் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வட ஆற்காட்டு வழி வந்த பாட்டி அரிசியை ஆழாக்கால் அளக்கிறார். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த மருமகள் டம்ளரால் அளக்கிறாள். அண்டை வீட்டுக் கன்னடத்து அம்மையார் பாவு, சேர் என்கிறார். எதிர்வீட்டுச் சித்தூர்க் குடும்பத்தார் சோல, மானிக என்கின்றனர். நியாய விலைக் கடையில் கிலோ. பால் உறையில் மில்லிலிட்டர். வெளிநாட்டில் வாழும் மகள் தொலைபேசியில் சொல்லும் பலகாரச் செய்முறையிலோ கப்பும் அவுன்சும். ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே அடுப்பங்கரையில், இத்தனை அளவுகளும் கலந்து நிற்கின்றன.

இவற்றுள் வீட்டுக்கு உகந்த அளவு எது என்று சங்கத்து அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்டனர். பார்சல் அலுவலகத்தில் நாள்தோறும் தராசோடு பழகுகிறோம் என்பதனால் போலும்! கேள்வி சிறிதாகத் தோன்றினாலும் விடை அத்தனை சிறியதன்று. மாதச் செலவும், நோயாளியின் பத்தியமும், கைக்குழந்தையின் நலமும் இதில் அடங்கியிருக்கின்றன.

நம் முன்னோர் வழங்கிய வாய்பாடு எளியது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நிறுத்தலில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. படியைப் பாதியாக்கினால் உரி, அதைப் பாதியாக்கினால் உழக்கு, அதையும் பாதியாக்கினால் ஆழாக்கு. எழுத்தறியாத மூதாட்டியும் மனத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. இதைப் பழமை என்று இகழ்வது பேதைமை.

குறை வாய்பாட்டில் இல்லை. ஊருக்கு ஊர் மாறிய பாத்திரத்திலும் எடைக்கல்லிலும் இருந்தது. பட்டணம் படி ஒன்று, ஊர்ப் படி வேறொன்று. சேர் என்னும் ஒரே சொல் சென்னை இராஜதானியில் 24 தோலாவைக் குறித்தது. இன்றைய கணக்கில் அது சுமார் 280 கிராம். 1939ஆம் ஆண்டின் எடைச் சட்டம் வகுத்த சேரோ 80 தோலா. அதாவது சுமார் 933 கிராம். சென்னை மணங்கு 25 இராத்தல், ஏறக்குறைய பதினொன்றேகால் கிலோ. இரயில்வேயில் சரக்குக் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்ட மணங்கு 82 இராத்தலுக்குச் சற்று அதிகம், 37.32 கிலோவுக்குச் சமம். சொல் ஒன்றே, பொருள் மூன்று மடங்குக்கு மேல் வேறு! எல்லை கடந்து பிழைக்கப் போன ஏழைக் குடியானவன் எந்தச் சந்தையில் எதை நம்புவான்?

இக்குழப்பத்தைப் போக்கவே சுதந்தர இந்தியா தசம முறையை மேற்கொண்டது. 1955இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டு, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தது. 1956இல் எடை அளவைச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1962 ஏப்ரலோடு பழைய அளவைகளுக்கு இருந்த அனுமதி நீங்கிற்று. இன்று நடப்பில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். 2011 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. நாட்டின் மூலக் கிலோகிராம் கல், 57ஆம் எண் தாங்கி, புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. பாரிஸ் நகருக்கு அருகில் காக்கப்படும் மூலக் கல்லை ஆதாரமாகக் கொண்டே உலகத்தார் 1889 முதல் கிலோகிராமை வரையறுத்து வந்தனர். 2019 மே 20 முதல் அந்தக் கல்லையும் நம்பியிராமல், இயற்கையின் மாறாத எண் ஒன்றைக் கொண்டு வரையறுக்கின்றனர். கல் தேயலாம், அந்த எண் தேயாது என்பதே காரணம்.

கடைவீதி இவ்வாறு மாறிற்று. அடுப்பங்கரை மட்டும் ஏன் மாறவில்லை? பெண்களின் அறியாமை என்று சில ஆண்மக்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நாம் அதனை ஒப்பவில்லை. சமையலில் பெரும்பகுதி எடையைப் பற்றியதன்று; விகிதத்தைப் பற்றியது. இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்றால், அப்பங்கு ஆழாக்காயினும் டம்ளராயினும் இட்லி ஒன்றுபோலவே வரும். களிக்கு மாவும் தண்ணீரும், பொங்கலுக்கு அரிசியும் பருப்பும், சோற்றுக்கு அரிசியும் உலைநீரும் எல்லாம் இவ்வாறே. பாத்திரம் ஒன்றாக இருந்தால் போதும். அது எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்ற கவலை வேண்டியதில்லை. விடியற்காலை முதல் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் கணவனுக்கும் மகனுக்கும் அவசரமாகச் சோறு கட்டும் தாய், தராசைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டுவதில்லை.

ஆகவே நம் முதல் விதி: விகிதம் மட்டும் வேண்டிய இடத்தில் முகத்தலே போதும், ஆயினும் ஒரு சமையலுக்கு ஒரே பாத்திரம். அரிசியை ஆழாக்காலும் தண்ணீரைச் செம்பாலும் அளந்துவிட்டுச் சோறு குழைந்தது என்று அரிசிக் கடைக்காரரை நோவது நியாயமன்று.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. அரிசியும் பருப்பும் பாத்திரத்தில் ஒரே விதமாகப் படியும். மாவு அவ்வாறு படியாது. சலித்துத் தளர்வாக இட்ட மாவுக்கும், தட்டித் தட்டி நிரப்பிய மாவுக்கும் ஒரே டம்ளரில் நான்கில் ஒரு பங்கு வரை எடை வேறுபடும். தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வேறுபாடு வேறு. அன்றியும் கப் என்ற சொல் சேரைப் போலவே பல உருவம் கொண்டது. மின்சாரச் சோறாக்கியுடன் வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிலிட்டர். அது ஜப்பானியரின் பழைய அரிசி அளவு. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கப் 250. இலங்கையில் உறவினர் உள்ளோர் கொத்து, சுண்டு என்ற பெயர்களையும் கேட்டிருப்பர். எந்த நாட்டார் எழுதிய செய்முறை என்று அறியாமல் கப்பை எடுத்து அளப்பது, எந்த ஊர் வண்டி என்று கேளாமல் ஏறி உட்கார்வதற்கு ஒப்பாகும். கேக், ரொட்டி முதலிய மாவுப் பண்டங்களுக்குக் கிராம் கணக்கில் எழுதிய செய்முறையைக் கேட்டு வாங்குங்கள். தராசில் நிறுத்துச் செய்யுங்கள்.

இரண்டாம் விதி: காசு கொடுத்து வாங்கும் இடத்தில் எடையே வேண்டும். சந்தையில் பொரியும் வேர்க்கடலையும் இன்றும் சில இடங்களில் படியால் அளந்து விற்கப்படுகின்றன. அடி உயர்த்திய படியும் விளிம்பு நசுங்கிய படியும் நம் பாட்டிமார் காலத்திலேயே இருந்தவைதாம். முத்திரையிட்ட எடைக்கல்லோ, முத்திரையிட்ட மின் தராசோ இல்லாத கடையில் வாங்க வேண்டுவதில்லை. தட்டு காலியாக இருக்கும்போது தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பின்பே பொருளை வைக்கச் சொல்லுங்கள். குறை கண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ ஆகாது; சுமார் 910 கிராமே இருக்கும். லிட்டர் விலையையும் கிலோ விலையையும் ஒன்றாக எண்ணி ஒப்பிடுவோர் ஏமாறுவர். மேலும் எண்ணெய் சூட்டில் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர், 21 டிகிரி வெப்பத்தில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராமே. உறையில் 60 டிகிரிக் கணக்கை அச்சிட்டால் லிட்டர் என்ற பெயர் மாறாது. உள்ளிருக்கும் எண்ணெய் மட்டும் குறையும். இதனை உணர்ந்த மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவையும் எடையையும் அச்சிடுமாறு 2022 ஆகஸ்டில் எண்ணெய்த் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே உறையில் லிட்டரைப் பார்ப்பதோடு நில்லாமல் கிராமையும் பாருங்கள்.

மூன்றாம் விதி எல்லாவற்றிலும் முக்கியமானது. உடல் நலம் சார்ந்த இடத்தில் கைக் கணக்கு உதவாது; மருத்துவர் எந்த அளவில் சொன்னாரோ அந்த அளவிலேயே அளக்க வேண்டும். குழந்தைக்கு 5 மில்லிலிட்டர் மருந்து என்றால், மருந்துப் புட்டியுடன் வந்த அளவுக் குப்பியாலேயே கொடுக்க வேண்டும். வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஓர் அளவு. பால்மாவை அந்த டப்பாவில் உள்ள கரண்டியால் தலைதட்டி, டப்பாவில் எழுதியுள்ள தண்ணீருக்கு மட்டுமே கலக்க வேண்டும். மாதக் கடைசியில் மாவு நீடிக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால், பாலின் நிறம் மாறாது. குழந்தையின் வயிறு நிறைந்தது போலவும் இருக்கும். ஆனால் பிள்ளை வளராது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இவ்வாறே. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி அமைந்த பெரிய பொட்டலம் 20.5 கிராம், அதனை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலங்களும் உண்டு; ஆகையால் உறையைப் படிப்பது அவசியம். பொட்டலத்தில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் கலக்கும் வழக்கம் நம் லைன் வீடுகளில் உண்டு. அதனை விட்டுவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு; கரண்டி 5 மில்லிலிட்டர் கொள்வதாகவும் தலைதட்டியதாகவும் இருக்க வேண்டும். உப்பு மிகுந்தால் மருந்தே தீங்காகும்.

நீரிழிவு உள்ளோர்க்கும் ஒரு வார்த்தை. உணவுச் சீட்டில் 100 கிராம் என்று எழுதியிருந்தால் அது அரிசியா, சோறா என்று மருத்துவமனையிலேயே கேட்டு விடுங்கள். 100 கிராம் அரிசி, சமைத்த பின் ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் சோறு ஆகிறது. இந்த ஒரு கேள்வியைக் கேளாமையால், இரண்டரை மடங்கு உண்போரும் உண்டு. அரைப் பட்டினி கிடப்போரும் உண்டு.

அவுன்சு என்ற சொல்லைத் தங்கவயல் மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. நம் பாட்டன்மார் டன் டன்னாகப் பாறையை வெட்டி மேலே அனுப்ப, அதிலிருந்து பிரிந்த பொன்னை அவுன்சில் கணக்கிட்ட ஊர் இது. ஆனால் பொன் நிறுக்கும் அவுன்சு 31.1 கிராம், சமையல் அவுன்சு 28.35 கிராம், பால் புட்டியில் காணும் அவுன்சோ எடையே அன்று, ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளளவு. மூன்றையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. புட்டியின் மறுபக்கத்தில் மில்லிலிட்டர் கோடு இருக்கும்; அதையே பின்பற்றுங்கள்.

சரி, பாட்டியின் ஆழாக்கையும் அரசாங்கத்தின் கிராமையும் எவ்வாறு இணைப்பது? வழி மிக எளிது. 1795இல் பிரெஞ்சு நாட்டார் கிராமை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை என்றே வகுத்தனர். ஆகவே ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பது வீட்டுக்குப் போதுமான உண்மை. வெறும் ஆழாக்கைச் சமையல் தராசில் வைத்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்பு மட்டும் தண்ணீர் ஊற்றி நிறுங்கள். மிகுதியான கிராமே உங்கள் ஆழாக்கின் மில்லிலிட்டர். அடுத்து அதே ஆழாக்கில் அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, கேழ்வரகு மாவு, சர்க்கரை என ஒவ்வொன்றையும் தலைதட்டி நிறுத்து, ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். தராசு இல்லாதோர் அண்டை வீட்டில் ஒரு மணி நேரம் இரவல் வாங்கினால் போதும்; ஆயுள் முழுவதற்கும் கணக்கு நிற்கும்.

இரயில்வேயில் ஒவ்வொரு சரக்கு வண்டியின் பக்கத்திலும் அதன் வெற்றெடை எழுதப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வண்டியோடு நிறுத்து வெற்றெடையைக் கழித்தால் சரக்கின் எடை வந்துவிடும். அதே முறையைச் சோற்றுப் பானைக்கும் குழம்புச் சட்டிக்கும் கையாளலாம். பாத்திரத்தின் வெற்றெடையை அந்தத் தாளிலேயே எழுதி வைத்தால், சமைத்த சோற்றை வேறு தட்டில் கொட்டாமலே எடை காணலாம்.

இதனால் வரும் பயனுக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்ப அட்டையில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உரியது. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்கு 166 கிராம் சொச்சம். உங்கள் வீட்டு ஆழாக்கு 200 மில்லிலிட்டர் கொள்ளுமானால், அதில் ஏறக்குறைய அவ்வளவு அரிசியே பிடிக்கும். அதாவது தலைக்கு ஓர் ஆழாக்கு! நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு நான்கு ஆழாக்கு எடுத்தால் 20 கிலோ மாதக் கடைசி வரை வரும். ஐந்தாக எடுத்தால் இருபத்து நான்காம் நாள் பானை காலி. எஞ்சிய நாள்களுக்குக் கடன் சொல்லி வாங்க வேண்டும். கேழ்வரகுக் களியை வாரத்தில் எத்தனை வேளை வைத்தால் அந்த ஐந்தாவது ஆழாக்கை ஈடு கட்டலாம் என்பதையும் இந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நிலையான சம்பளத்தை இழந்த எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கணக்கின் மேல்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன என்பதை நாம் அறிவோம்.

உப்புக்கும் இவ்வாறே ஒரு சோதனை உண்டு. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு பெரியவர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 20 கிராம் உச்ச வரம்பு. ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஐம்பது நாளாவது வர வேண்டும். பொட்டலம் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். முப்பது நாளில் தீர்ந்தால், இரத்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. ஊறுகாயும் கருவாடும் கடைத் தின்பண்டமும் இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் மறவாதீர்கள்.

ஆகவே, படியா கிராமா என்ற கேள்விக்கு நம் விடை இது: அன்றாடச் சமையலுக்கு ஆழாக்கு, வாங்கவும், நோய்க்கும், குழந்தைக்கும் கிராமும் மில்லிலிட்டரும், இரண்டையும் இணைக்க அலமாரிக் கதவில் ஒரு தாள். பாட்டியின் பித்தளை ஆழாக்கைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம். அவர் பலம் என்றால் சுமார் 35 கிராம், வீசை என்றால் சுமார் 1,400 கிராம் என்று அந்தத் தாளின் அடியிலேயே எழுதிவிட்டால், அவர் சொல்லும் ஊறுகாய்க் கணக்கும் அதிரசக் கணக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விளங்கும். அளந்து, நிறுத்து, எழுதும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது போதும். பிள்ளைக்குக் கணக்கும் வரும், வீட்டுக்கு அளவும் நிலைக்கும்.